முதலில் எண்ணப்படுகிற ஓட்டு

(மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அமெரிக்கத் தேர்தல் பற்றிப் பேச வேண்டும் என்று தோழர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். வழக்கமாக இந்த மேடையில் என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். பொழுது விடிஞ்சா கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து மற்றவன் பணத்தை எண்ணுகிற ஆள் நான். ஆனா ஒரு பழக்கம் உண்டு. அங்கே பிரைமரி தொடங்கினால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாநிலம், தேதி, யாருக்கு எத்தனை சதவீதம், எத்தனை பேராளர் என்று எழுதிக்கொண்டே வருவேன். 2008இல் ஆரம்பித்தது. 'அவன் ஊர்த் தேர்தல் நமக்கெதுக்குப்பா' என்று கேட்காத நண்பர்கள் இல்லை. இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்பது. ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறைக்குள் உட்கார்ந்து முடிவு பண்ணாமல், கட்சியின் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவது. நாம் முன்தேர்தல் என்று சொல்லலாம். இது ஒரே நாளில் நடப்பதில்லை. மாநிலம் மாநிலமாக, ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரைக்கும் நீள்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் கிடைக்கிற ஓட்டுக்குத் தகுந்தபடி வேட்பாளருக்குப் பேராளர்கள் கிடைப்பார்கள். கடைசியில் மாநாட்டில் யாருக்குப் பெரும்பான்மைப் பேராளரோ அவர் வேட்பாளர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கோளாறு எங்கே வருகிறது என்றால் 'மாநிலம் மாநிலமாக' என்ற இடத்தில். வரிசை என்று ஒன்று வந்துவிட்டாலே, முன்னால் நிற்கிறவன் யார், பின்னால் நிற்கிறவன் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. வரிசையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1972 முதல் அரை நூற்றாண்டுக் காலம் ஜனநாயகக் கட்சியின் வரிசையில் முதல் ஆள் அயோவா. இரண்டாவது நியூ ஹாம்ப்ஷயர். இந்த இரண்டாவது மாநிலம் தன் முன்தேர்தல்தான் நாட்டிலேயே முதலாவதாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறது. (அயோவாவில் நடப்பது 'காக்கஸ்', ஓட்டுப் பெட்டி வைத்து நடத்தும் முன்தேர்தல் இல்லை என்பதால் அதோடு இவர்களுக்குச் சண்டை வரவில்லை.) இரண்டுமே சின்ன மாநிலங்கள். இரண்டிலும் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் வெள்ளையர்கள். கறுப்பர்கள் ஒரு கைப்பிடி.

அயோவா ஜனநாயகக் கட்சியின் காக்கஸ் 2020 வரைக்கும் எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்க. குளிர்கால இரவு ஏழு மணி. பள்ளிக்கூடக் கூடம், தேவாலயக் கூடம், தீயணைப்பு நிலையம் என்று அங்கங்கே கூடுவார்கள். ரகசிய ஓட்டு கிடையாது. இந்த வேட்பாளருக்கு ஆதரவானவர்கள் இந்த மூலை, அவருக்கு அந்த மூலை என்று போய் நிற்க வேண்டும். எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் நடக்கும். இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், கைக்குழந்தைக்காரி, ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடிக்கிறவள் - இவர்களால் வர முடியுமா? அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க ஒரு மூலையில் போய் நிற்பது என்றால் என்ன என்பதை, பண்ணையார் பார்க்க ஓட்டுப் போட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

இந்த ஒரு ராத்திரிக் கூட்டத்துக்கு என்ன பலம் என்று 1976இல் தெரிந்தது. அந்த வருஷம் அயோவாவில் ஜிம்மி கார்ட்டருக்கு ஏறத்தாழ 28 சதவீதம். அவருக்கு மேலே, சுமார் 37 சதவீதத்தோடு முதலிடத்தில் வந்தது யார் தெரியுமா? 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற அணி. ஆனாலும் பத்திரிகைகள் கார்ட்டர் வென்றார் என்று எழுதின. வேர்க்கடலை விவசாயி, ஒரு தென் மாநிலத்து முன்னாள் கவர்னர், நாடு முழுக்கப் பேசப்பட்டார். ஜனாதிபதியும் ஆனார். அன்றிலிருந்து, ஆரம்ப முடிவு என்பது ஓட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. 'இவர்பால் மக்களுக்கு ஈர்ப்பு இருக்கிறது, இவரால் ஜெயிக்க முடியும்' என்று கொடுக்கப்படுகிற ஒரு சான்றிதழாக அது ஆகிவிட்டது. சான்றிதழ் வந்தால் நன்கொடை வரும். வராதவன் அடுத்த மாநிலத்துக்கு விமான டிக்கெட் எடுக்கக்கூடப் பணமில்லாமல் வீட்டுக்குப் போவான்.

ஈர்ப்பு என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். யாரை ஈர்ப்பது? கேள்வியே ஆளைப் பார்த்து மாறுகிறது. 1968இல் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்புப் பெண் ஷெர்லி சிஸ்ஹோம், புரூக்ளின்காரர். 1972இல் ஜனாதிபதி வேட்பாளராக முன்தேர்தல்களில் நின்றார். கறுப்புத் தலைவர்களில் பல ஆண்கள் தயங்கினார்கள். வெள்ளைப் பெண்ணியவாதிகளும் தயங்கினார்கள். அவரால் ஜெயிக்க முடியாதாம். மாநாட்டில் 152 பேராளர் ஓட்டு வாங்கினார். வெள்ளை ஆண்கள் டஜன் கணக்கில் நின்று தோற்றிருக்கிறார்கள். 'நீ ஏன் நிற்கிறாய்' என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

1984இலும் 1988இலும் ஜெஸ்ஸி ஜாக்சன் நின்றார். தென் கரோலினாவில் கிரீன்வில் ஊரில் பிறந்தவர், மார்ட்டின் லூதர் கிங்கோடு வேலை செய்தவர். வானவில் கூட்டணி என்று பெயர் வைத்தார். கறுப்பர், நிலம் இழந்துகொண்டிருந்த வெள்ளை விவசாயி, வேலை போன ஆலைத் தொழிலாளி, ஸ்பானிய மொழி பேசுகிறவர் எல்லாரையும் ஒரே குடைக்குள் கூப்பிட்டார். 1988 அயோவாவில் நாலாவது இடம், 9 சதவீதம் அளவுக்கு. அந்த வருஷம் மார்ச் 8ஆம் தேதி, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்டபோது அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா ஐந்திலும் ஜெயித்தார். மார்ச் கடைசியில் மிச்சிகனில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி மைக்கேல் டுகாகிஸைத் தோற்கடித்தார். பத்திரிகைகள் அப்போது கேட்ட கேள்வி மிகப் பிரசித்தம்: 'ஜெஸ்ஸிக்கு என்னதான் வேணுமாம்?'

ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறவனுக்கு என்ன வேணும்? ஜனாதிபதி ஆகணும். டுகாகிஸுக்கு என்ன வேணும் என்று ஒருத்தன் கேட்கவில்லை. நம்மில் ஒருவர் சேரித் தெருவைத் தாண்டி ஒரு பொதுப் பதவிக்கு நின்று பாருங்கள், அதே கேள்வி தமிழில் வரும். எனக்குத் தெரிந்த ஓர் ஊழியர் சங்கம் - பெயர் வேண்டாம் - அதில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். தேர்தலுக்கு முன்னாலேயே ஒரு 'பேனல்' தயாராகிவிடும். அதில் எங்களுக்கு ஓர் உதவிச் செயலாளர் பதவி, எப்போதும் அதே பதவி. ஒருமுறை பொருளாளர் பதவி கேட்டோம். 'உங்களுக்கு என்ன குறை, என்னதான் வேணும் சொல்லுங்க' என்று மிக அன்பாகக் கேட்டார்கள். பொருளாளர் பதவிதான் வேணும் என்று சொன்னது அவர்கள் காதில் விழவேயில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகணும். நான் இன்றைக்குப் பேச வந்ததே இதற்காகத்தான்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870இல் 15ஆம் திருத்தம் வந்தது. நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது. தெற்கு மாநிலங்கள் இதைச் சுற்றிக்கொண்டு போகப் பல வழி கண்டுபிடித்தன: ஓட்டு வரி, எழுத்தறிவுச் சோதனை, துப்பாக்கி, கயிறு. இவற்றில் மிகச் சாமர்த்தியமானது 'வெள்ளை முன்தேர்தல்'. தெற்கில் அன்று ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. அதன் முன்தேர்தலில் ஜெயித்தவன் நவம்பரிலும் ஜெயித்தே தீருவான். அதனால் கறுப்பனைப் பார்த்து, 'நவம்பரில் வந்து ஓட்டுப் போட்டுக்கோ, முன்தேர்தல் மட்டும் எங்க கட்சி விவகாரம்' என்று சொன்னார்கள். உரிமை கையில் இருக்கும், அதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. நம்மூரில் கோயிலை 'எங்க குலதெய்வம், எங்க குடும்பச் சொத்து' என்பார்களே, அதே தந்திரம்.

டெக்சாஸ் 1923இல் இதைச் சட்டமாகவே எழுதியது. எல் பாசோ ஊரில் லாரன்ஸ் நிக்ஸன் என்று ஒரு கறுப்பு டாக்டர். ஓட்டு வரி கட்டிய ரசீதோடு 1924 முன்தேர்தலுக்குப் போனார், திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். 1927இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். டெக்சாஸ் சட்டத்தை மாற்றி, யாரைச் சேர்ப்பது என்பதைக் கட்சியின் நிர்வாகக் குழு முடிவு செய்யலாம் என்றது. மறுபடி வழக்கு, 1932இல் மறுபடி ஜெயித்தார். உடனே கட்சி மாநாடே கூடி, வெள்ளையர் மட்டும்தான் உறுப்பினர் என்று தீர்மானம் போட்டது. கட்சி தனியார் அமைப்பு, தன் உறுப்பினரைத் தானே முடிவு செய்யலாம் என்று 1935இல், இன்னொருவர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கடைசியில் ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாடி, 1944இல்தான் வெள்ளை முன்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நிக்ஸன் அந்த வருஷம் ஓட்டுப் போட்டார். ஒரு முன்தேர்தலில் ஓட்டுப் போட இருபது வருஷம்.

1932 என்று சொன்னேன். அந்த வருஷம் செப்டம்பர் 24 பூனாவில் என்ன நடந்தது என்று இந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பூனா ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தை நாமே மறந்துவிடுகிறோம். அதில் ஒரு முன்தேர்தல் இருந்தது. ஒவ்வொரு தனித்தொகுதிக்கும் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் முதலில் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பேரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள், அதாவது பெரும்பான்மையாகச் சாதி இந்துக்கள், தேர்ந்தெடுப்பார்கள். நம் ஓட்டில் முதலாவதாக வந்தவர் இறுதியில் தோற்கலாம். நாலாவதாக வந்தவர் ஜெயிக்கலாம். அம்பேத்கர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெக்சாஸில் அவர்கள் முதலில் பொறுக்குவார்கள், கறுப்பன் கடைசியில் கை தூக்கலாம். இங்கே நாம் முதலில் பொறுக்கலாம், அவர்கள் கடைசியில் முடிவு செய்வார்கள். ஆக முதலா கடைசியா என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. எந்தப் படியில் கதவு இருக்கிறதோ அந்தப் படியில் அவர்கள் நிற்பார்கள். அந்த நான்கு பேர் முறையும் பத்து வருஷத்துக்குத்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தனித்தொகுதி மிஞ்சியது, முன்தேர்தல் போய்விட்டது. இன்றைக்குத் தனித்தொகுதியில் யார் நிற்பது என்பதைக் கட்சிகளின் தலைமைக் கழகங்கள் முடிவு செய்கின்றன. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசணும்.

தென் கரோலினாவுக்கு வருகிறேன். 1944 தீர்ப்பு வந்ததும் அந்த மாநிலம் ஒரு வேலை செய்தது. கவர்னர் சட்டசபையை அவசரமாகக் கூட்டினார். முன்தேர்தல் என்ற சொல் வருகிற சட்டங்களையெல்லாம், சுமார் 150 சட்டங்களை, ஒரே வாரத்துக்குள் ரத்து செய்தார்கள். இப்போது முன்தேர்தலுக்கும் அரசுக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு தனியார் கிளப் என்று ஆகிவிட்டதாம். 1946 ஜூலையில் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு. அது நம் எல்லாருக்கும் தெரியும். அடுத்த மாதம், அதே 1946 ஆகஸ்டில், தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் ஜார்ஜ் எல்மோர் என்ற கறுப்புக் கடைக்காரர் முன்தேர்தலில் ஓட்டுப் போடப் போனார். மறுத்தார்கள். வழக்கு வாரிங் என்ற வெள்ளை நீதிபதியிடம் வந்தது, சார்ல்ஸ்டன் நகரத்துப் பழங்குடும்பத்துக்காரர். 1947இல் எல்மோருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தார். 1948 ஆகஸ்டில் கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

எல்மோர் என்ன ஆனார்? வீட்டின் முன்னால் சிலுவையை எரித்தார்கள். கடைக்குச் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். கடன் கொடுத்திருந்தவர்கள் உடனே திருப்பிக் கட்டச் சொன்னார்கள். கடை போனது, வீடும் போனது. கடன் தவணையை வைத்து ஒரு மனுசனை எப்படி ஒழிக்கலாம் என்பது எனக்கு நல்லாத் தெரியும், ரத்தமே வராது. பேரேட்டில் ஒரு வரி, ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். நீதிபதி வாரிங்கும் சொந்த ஊரில் இருக்க முடியாமல் நியூயார்க் போய்விட்டார். இந்த மாநிலத்தை நினைவில் வையுங்கள்.

இனி 2008. ஒபாமா நின்றார். தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சி முன்தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். அப்படியானால் ஒபாமாவுக்குத்தானே போட வேண்டும்? 2007இல் அப்படி இல்லை. கணிசமான கறுப்பர்கள் ஹிலாரி கிளின்டன் பக்கம் இருந்தார்கள். செல்மா பாலத்தில் 1965இல் போலீசிடம் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸே கிளின்டனைத்தான் ஆதரித்தார். காரணம் எளிமையானது. வெள்ளைக்காரன் இவருக்குப் போடமாட்டான், போட்டாலும் இவரை உயிரோடு விடமாட்டார்கள். சலூன்களிலும் தேவாலயங்களிலும் நிருபர்களிடம் அவர்கள் சொன்னது அதுதான். ஜனவரி 3 அயோவா முடிவு வந்தது. ஒபாமா 38 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, முதலிடம். கிளின்டன் மூன்றாவது. வெள்ளையர் மாநிலம் ஒன்று கறுப்பனுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் கிளின்டன் ஜெயித்தும்கூட அந்தச் சான்றிதழ் செல்லாமல் போகவில்லை. ஜனவரி 26 தென் கரோலினாவில் ஒபாமா 55 சதவீதம், கிளின்டன் பாதிகூட இல்லை. ஜான் லூயிஸ் அடுத்த மாதம் ஒபாமா பக்கம் வந்தார்.

இதைப் பார்த்து நான் அன்று சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் சந்தோஷத்துக்குள் ஒரு முள். தன் இனத்து ஆளுக்குத் தான் ஓட்டுப் போடலாமா என்று தெரிந்துகொள்ளவே, எங்கேயோ பனியில் இருக்கிற வெள்ளை விவசாயி என்ன சொல்கிறான் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. சார்ல்ஸ்டனின் கறுப்புப் பாட்டி தன் மனசைக் கேட்டு ஓட்டுப் போடவில்லை. வெள்ளைக்காரன் மனசை வாசித்து ஓட்டுப் போடுகிறாள். வாசிப்பதில் அவள் கெட்டிக்காரி. தலைமுறை தலைமுறையாக உயிர் பிழைத்ததே அந்த வாசிப்பால்தான். எசமான் முகம் பார்த்து நேரம் சொல்கிற வித்தை நம் பாட்டிகளுக்கும் தெரியும்.

2008இல் என் நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 5, ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு. கிளின்டன் ஜெயித்தார், பேராளர் 59க்கு 48. லாபம் 11. ஐடஹோ ஒரு குட்டி மாநிலம், இருபதாயிரம் சொச்சம் பேர்தான் வந்தார்கள். ஒபாமா ஜெயித்தார், 15க்கு 3. லாபம் 12. எப்படி இது? ஜெயித்தவனுக்கே எல்லாம் என்று இல்லாமல், ஓட்டு விகிதப்படி பங்கு என்ற விதி. பெரிய மாநிலங்களில் தோற்றாலும் ஒபாமாவுக்குப் பங்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

இந்த விதி எங்கிருந்து வந்தது? ஜெஸ்ஸி ஜாக்சனிடமிருந்து. 1984இல் அவர் சுமார் 18 சதவீத ஓட்டு வாங்கியும் அந்த விகிதத்துக்குப் பேராளர் கிடைக்கவில்லை. பல இடங்களில் நூற்றுக்கு இருபது வாங்காதவனுக்கு ஒன்றுமில்லை என்று விதி. 1988இல் ஏறத்தாழ 70 லட்சம் ஓட்டு வாங்கினார், 29 சதவீதம். ஆனாலும் தோற்றார். தோற்றவர், துணை ஜனாதிபதி பதவியும் கிடைக்காதவர், அட்லாண்டா மாநாட்டுக்கு முன்னால் பேரம் பேசி ஒன்றை வாங்கினார்: 1992 முதல் எல்லா மாநிலத்திலும் விகிதப்படி பங்கு, குறைந்தபட்சம் 15 சதவீதம் வாங்கினால் போதும். அன்று இதைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் குறைவு. விதி என்றால் யாருக்குச் சுவை? இருபது வருஷம் கழித்து அந்த விதியின் மேல் நடந்து ஒருவர் வெள்ளை மாளிகைக்குள் போனார். 'ஜெஸ்ஸிக்கு என்ன வேணுமாம்' என்று கேட்டவர்கள் அப்போதாவது பதிலைப் புரிந்துகொண்டார்களா, தெரியாது.

2020க்கு வருவோம். இதில் நம் பத்திரிகைகளின் கூத்து ஒன்று உண்டு. கமலா ஹாரிஸ் நின்றார். தாய்வழித் தாத்தா ஊர் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். நம்ம ஊர்ப் பொண்ணு, நம்ம ஊர்ப் பொண்ணு என்று ஒரே கொண்டாட்டம். அவருடைய அப்பா ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பர் என்பது கடைசிப் பத்தியில் வரும், சில சமயம் வராது. அவர் கறுப்பர்களுக்காக நிறுவப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்ததும் அப்படித்தான். போகட்டும். அவர் 2019 டிசம்பர் 3ஆம் தேதியே விலகிவிட்டார், பணமில்லை என்று சொல்லி. இன்னொரு கறுப்பு வேட்பாளர் கோரி புக்கர் ஜனவரியில் விலகினார். ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்னால்! கறுப்பர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்புகளிலும் பைடன்தான் முன்னால் இருந்தார். டிரம்பை ஒரு வெள்ளைக் கிழவரால்தான் தோற்கடிக்க முடியும் என்று பாட்டி மறுபடியும் கணக்குப் போட்டிருந்தாள்.

ஆனால் அயோவாவில் பைடன் நாலாவது. (முடிவை அறிவிக்க வைத்திருந்த கணினிச் செயலி வேலை செய்யாமல், முடிவு தெரியவே நாள் கணக்கில் ஆனது. ஐம்பது வருஷ மரியாதை அந்த ஒரு ராத்திரியில் போயிற்று.) நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, 8 சதவீத அளவு. டெலிவிஷன்காரர்கள் அவரைப் புதைத்துவிட்டார்கள். ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் மனுசன் கிளம்பித் தென் கரோலினா போய்விட்டார். பிப்ரவரி 26 அங்கே ஜேம்ஸ் கிளைபர்ன் பைடனை ஆதரிப்பதாக அறிவித்தார். 1992இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அந்த மாநிலத்திலிருந்து அதற்கு முன்னால் காங்கிரசுக்குப் போன கறுப்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். கிளைபர்ன் சும்மா கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்புப் பெண்ணை நியமிப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லும்படி பைடனை நெருக்கினார். முந்தின நாள், பிப்ரவரி 25, சார்ல்ஸ்டன் விவாத மேடையில் பைடன் அதைச் சொன்னார். 29ஆம் தேதி 48 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். கறுப்பர்களில் பத்துக்கு ஆறு பேர் அவருக்குப் போட்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து 14 மாநிலங்களில் 10 அவருக்கு. 2022இல் கெடாஞ்சி பிரவுன் ஜாக்சன் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார், செனட்டில் 53க்கு 47.

எல்மோர் ஓட்டுப் போட விடாமல் துரத்தப்பட்ட அதே மாநிலம், அதே கட்சி, அதே முன்தேர்தல்.

சிலர் இதைப் 'பேர அரசியல்' என்று மட்டமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டைக் கொடுப்பதற்கு முன்னால் விலையைச் சொல்லி, அதுவும் எல்லார் முன்னாலும் சொல்ல வைத்து, பிறகு வசூலும் பண்ணியிருக்கிறார்கள். மேடையில் மாலை போட்டுக்கொண்டு வருகிற நம் தலைவர்களில் எத்தனை பேர் இந்த மாதிரி ஒரு ரசீதைக் காட்ட முடியும்? அதே சமயம், ஒரு நாற்காலி வந்தது சரி, செல்மாவிலிருந்து வந்த ஓட்டுரிமைச் சட்டத்தைப் புதுப்பிக்கிற மசோதா, ஜான் லூயிஸ் பெயரையே வைத்த மசோதா, செனட்டில் அப்படியே நின்றுபோயிற்று. ரசீதில் பாதித் தொகைதான் வரவு.

பைடன் கடனைத் திருப்பிக் கட்டிய இன்னொரு விதம் வரிசையை மாற்றியது. 2023 பிப்ரவரியில் கட்சி முடிவெடுத்தது: இனி அயோவா முதல் இல்லை, தென் கரோலினா முதல். 2024 பிப்ரவரி 3 தேதி. நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டத்தைக் காட்டி ஜனவரி 23ஆம் தேதியே நடத்தியது. அங்கே சீட்டில் பைடன் பெயரே இல்லை, வாக்காளர்கள் கையால் எழுதிப் போட்டு அவரை ஜெயிக்க வைத்தார்கள். ஆனால் கட்சியின் கணக்கில் முதல் ஓட்டு, முன்தேர்தல் வாக்காளர்களில் கறுப்பர்கள் பாதிக்கு மேல் இருக்கிற மாநிலத்தின் ஓட்டு. டாக்டர் நிக்ஸன் திருப்பி அனுப்பப்பட்டு நூறு வருஷம் கழித்து.

குடியரசுக் கட்சியிலும் அந்த வருஷம் முன்தேர்தல் நடந்தது. அதை நான் ஒரு பக்கத்தில் முடித்துவிட்டேன். டிரம்ப் அயோவாவில் 51 சதவீதம், பிறகு நடந்ததெல்லாம் சடங்கு. பாலக்காட்டு வேர் கொண்ட விவேக் ராமசாமி அங்கே நாலாவதாக வந்து அன்று ராத்திரியே விலகினார். 'நம்மவர்' என்று அவரையும் இங்கே சில பேர் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எந்த நம்மவர் என்று அவர்களைத்தான் கேட்கணும்.

ஜனநாயகக் கட்சியின் முதல் ஓட்டு கறுப்பர் கைக்கு வந்ததே, வந்து என்ன ஆயிற்று? 2024 பிப்ரவரி 3 ராத்திரி என் நோட்டில் எழுதினேன்: தென் கரோலினா, பைடன், 96 சதவீதம். எதிர்த்து நின்றவர்கள் பெயருக்கு. ஓட்டுப் போட்டவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம். 2020இல் ஐந்து லட்சத்துக்கும் மேல். வரிசையில் முதல் இடம் கிடைத்த வருஷத்தில் பொறுக்குவதற்குச் சந்தையில் ஆள் இல்லை. ஜூன் கடைசி விவாதத்தில் பைடன் தடுமாறினார், ஜூலை 21 விலகினார். யார் விலகச் சொன்னது? பெரும் நன்கொடையாளர்கள், கட்சிப் பெரியவர்கள். முன்தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களை மறுபடி யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் பேராளர்களின் ஓட்டில் வேட்பாளர் ஆனார். பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளரான முதல் கறுப்புப் பெண். சிஸ்ஹோம் நின்று 52 வருஷம். ஆனால் ஒரு மாநிலத்தின் முன்தேர்தலிலும் ஜெயிக்காமல் வந்த வேட்பாளர். கட்சி கஷ்டத்தில் இருக்கும்போது, தேர்தலுக்கு நூறு நாள் சொச்சம் இருக்கும்போது, பொறுப்பைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்கள். நவம்பர் 5 தோற்றார். தோற்றதும், அவருக்கு ஈர்ப்பு போதவில்லை என்று எழுதினார்கள். கறுப்புப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் அவருக்குத்தான் போட்டிருந்தார்கள். ஈர்ப்பு போதவில்லை என்று சொன்னபோது அந்த ஒன்பது பேரை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

தனித்தொகுதி வேட்பாளர் தேர்வு பற்றித் தனியாகப் பேசணும் என்று சொன்னேன். நம் ஊர்ப் பக்கத் தொகுதியில் கடந்த சில தேர்தல்களில் எந்தக் கட்சி யாரை நிறுத்தியது, அவர்களை யார் சிபாரிசு பண்ணினார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்க. எட்டரை பஸ்ஸுக்குப் போகணும் என்று பின்வரிசைத் தோழர்கள் கடிகாரம் பார்க்கிறார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்க.